பயணத்துக்கு ஒரு பூமி

வீட்டுக் கணினியின் விமான சிமுலேட்டரில், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரக்கில், கிழக்கிலிருந்து பள்ளத்தாக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் நார்ட்கெட்டே மலைத்தொடர் சுவர் போல எழுந்து நின்றது. இடப்பக்கம் 2,246 மீட்டர் உயரமுள்ள பாட்ஷர்கோஃபெல். கீழே, முந்தைய இரவு முழுவதும் கணினியை ஓடவிட்டுத் தயாரித்த புகைப்படத் தரை: வயல் வரப்புகள், ரயில் பாதை, இன் ஆற்றின் சாம்பல் கலந்த பச்சை. சக்கரம் மெல்லத் தரையைத் தொட்டது. வேகம் குறைந்து டாக்ஸிவேயில் திரும்பிய பிறகுதான் கவனித்தேன். முனையக் கட்டடத்தைக் காணவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தையும் காணவில்லை. ஹேங்கர் நிற்க வேண்டிய இடத்தில் அதன் கூரையின் புகைப்படம் மட்டும் தரையோடு தரையாகப் படிந்து கிடந்தது. ஓடுபாதைக்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை. விளக்குகள், கோடுகள், எண்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

அந்த விமான நிலையத்துக்காக நான் தனியாகச் சேர்த்திருந்த தொகுப்பை இரண்டு முறை அழித்து மீண்டும் நிறுவினேன். கிராஃபிக்ஸ் அமைப்புகளைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. காரணம் கடைசியில் ஓர் எழுத்துக் கோப்பின் முதல் வரியில் கிடைத்தது. அந்த வரியைக் கீழே நகர்த்தியதும் கட்டடங்கள் எல்லாம் எழுந்து நின்றன. வீட்டு விமான சிமுலேட்டரில் சீனரியை, அதாவது விமானத்துக்கு வெளியே தெரியும் தரையையும் கட்டடங்களையும், எப்படி வைத்துக்கொள்வது என்பதை நான் பொறுப்பாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியது அன்றுதான்.

நான் அதிகம் பறப்பது எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டரில். அதில் நாம் சேர்க்கும் சீனரி எல்லாம் ‘கஸ்டம் சீனரி’ என்ற ஒரே கோப்புறைக்குள் போகிறது. அதற்குள்ளேயே ‘சீனரி பேக்ஸ்’ என்ற பெயரில் ஒரு சிறிய ஐஎன்ஐ கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்து படிக்கலாம். தொகுப்புக்கு ஒரு வரி. மேலே இருக்கும் வரிக்கு முன்னுரிமை அதிகம். இவ்வளவுதான் அதன் இலக்கணம். ஆனால் இந்த முன்னுரிமை வேலை செய்யும் விதத்தை நிதானமாகப் புரிந்துகொள்ளாவிட்டால் எத்தனை தொகுப்பு வாங்கி நிரப்பினாலும் பயனில்லை.

சிமுலேட்டர் உலகத்தை ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி என்ற கட்டங்களாக வெட்டி வைத்திருக்கிறது. மொத்தம் 64,800 கட்டங்கள். இன்ஸ்ப்ரக் இருப்பது +47+011 என்ற கட்டத்தில். வட அட்சம் 47, கிழக்குத் தீர்க்கம் 11 என்பது அந்தக் கட்டத்தின் தென்மேற்கு மூலை. வடக்கு தெற்காக ஏறத்தாழ 111 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக அந்த அட்சத்தில் சுமார் 75 கிலோமீட்டர். ஒரு கட்டத்தை ஏற்ற வேண்டிய நேரம் வரும்போது சிமுலேட்டர் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. அந்தக் கட்டத்தின் சீனரியை வைத்திருக்கும் டிஎஸ்எஃப் கோப்பு எந்தெந்தத் தொகுப்பில் இருக்கிறதோ அவற்றை வரிசையாக எடுத்துக்கொள்கிறது. கட்டடம், மரம், சாலை போன்றவற்றை மட்டும் கொண்ட கோப்பு ஓவர்லே. அது எத்தனை இருந்தாலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். தரையையே கொண்ட கோப்பு மெஷ். மெஷ் ஒன்று அகப்பட்டதும் வாசிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. ஒரு கட்டத்துக்கு ஒரு தரைதான். அந்த வரிக்குக் கீழே உள்ள டிஎஸ்எஃப் கோப்புகள் அந்தக் கட்டத்தைப் பொறுத்தவரை இல்லாதவைதான்.

புதிதாக ஒரு கோப்புறையைப் போட்டுவிட்டு எக்ஸ்-பிளேனைத் தொடங்கினால், அது பட்டியலின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். என் புகைப்படத் தரையும் ஒரு மெஷ்தான். அது உச்சிக்குப் போனதும் வாசிப்பு முதல் வரியிலேயே முடிந்துவிட்டது. கீழே இருந்த இன்ஸ்ப்ரக் தொகுப்பின் கட்டடங்களை யாரும் எடுக்கவே இல்லை. ஓடுபாதையும் டாக்ஸிவேயும் அவற்றின் விளக்குகளும் ‘ஏபிடி’ என்ற வேறொரு கோப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தக் கோப்புக்கு இந்த நிறுத்தம் கிடையாது. ஓடுபாதை தப்பியதும் கட்டடங்கள் தப்பாததும் இதனால்தான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு சரியான வரிசை தானாகவே புரிந்துவிடும். தனித்தனியாகச் சேர்த்த விமான நிலையங்கள் மேலே. அவற்றுக்குக் கீழே சிமுலேட்டரோடு வரும் பொது விமான நிலையங்கள். எக்ஸ்-பிளேன் 11இல் அது ஒரு கோப்புறை, 12இல் நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே எழுதிய ஒரே ஒரு சொல். பிறகு நகரச் சின்னங்கள், ஓவர்லேக்கள். எல்லாவற்றுக்கும் அடியில் புகைப்படத் தரையும் மற்ற மெஷ்களும். லைப்ரரிகள், அதாவது பல தொகுப்புகள் எடுத்துப் பயன்படுத்தும் பொதுப் பொருள்களின் சேமிப்புகள், எங்கே இருந்தாலும் பெரும்பாலும் தொந்தரவில்லை. ஆர்த்தோ எனப்படும் இந்தப் புகைப்படத் தரையைத் தயாரிக்கும் கருவிகள் தம் கோப்புறைகளுக்கு ஆங்கில எழுத்து வரிசையின் கடைசி எழுத்தில் தொடங்கும் பெயரை வைப்பது ஒரு முன்யோசனை. பட்டியல் கோப்பு தொலைந்துபோனால் சிமுலேட்டர் அகரவரிசைப்படி புதிய பட்டியல் எழுதிக்கொள்ளும். அப்போதும் தரை அடியிலேயே நிற்கும்.

இன்னொரு நுணுக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிமுலேட்டரோடு வரும் மூல டிஎஸ்எஃப் கோப்பில் தரை, சாலை, காடு, வீடுகள் எல்லாம் ஒன்றாகவே இருக்கின்றன. புகைப்படத் தரை அதற்கு மேலே வந்ததும் அந்தக் கோப்பு முழுவதுமே ஒதுக்கப்படுகிறது. சாலையில் வண்டி ஓடாது, காட்டில் மரம் நிற்காது. அதனால் மூலக் கோப்பிலிருந்து சாலையையும் காட்டையும் வீடுகளையும் பிரித்தெடுத்து, தனி ஓவர்லேயாகப் புகைப்படத் தரைக்கு மேலே வைக்க வேண்டும். ஆர்த்தோ தயாரித்துவிட்டு, மேலிருந்து பார்க்க அழகாக இருக்கிறது, அருகில் போனால் வழித்துவிட்டது போலத் தட்டையாக இருக்கிறது என்று வருந்துகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு படியைத் தவறவிட்டிருப்பார்கள்.

வரிசை சரியானதும் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நம்பினேன். சில மாதங்கள் எல்லாத் தொகுப்புகளையும் ஒரே பட்டியலில் அடுக்கி, அதை வைத்தே எல்லாப் பயணங்களையும் செய்தேன். அப்போதுதான் வேறொன்று புரிந்தது. எல்லாப் பயணத்துக்கும் பொருந்தும் ஒரே வரிசை என்று ஒன்று கிடையாது.

நேபாளத்தின் லுக்லா விமான நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2,845 மீட்டர் உயரத்தில், மலைச்சரிவில் ஒட்டவைத்த 527 மீட்டர் ஓடுபாதை. சரிவு 11.7 விழுக்காடு; ஒரு முனைக்கும் மறு முனைக்கும் அறுபது மீட்டருக்கு மேல் உயர வேறுபாடு. அப்படிப்பட்ட இடத்துக்கு ஒருவர் உழைத்துச் சீனரி செய்யும்போது, பொதுவான தரையின் மேல் கட்டடங்களை வைத்தால் பாதி மண்ணுக்குள் புதையும், பாதி காற்றில் தொங்கும். அதனால் இத்தகைய தொகுப்புகள் தமக்கென்று ஒரு மெஷ்ஷையும் கொண்டுவருவது வழக்கம். அந்த மெஷ் ஓடுபாதையைச் சுற்றி மட்டும் தரையை மாற்றினால் போதும் என்று நமக்குத் தோன்றும். மேலே சொன்ன விதி அதற்கு இடம் கொடுக்காது. ஒரு கட்டத்துக்கு ஒரு தரைதான். லுக்லா இருக்கும் +27+086 கட்டத்துக்குள்தான், அதன் வடக்கு விளிம்பையொட்டி, எவரெஸ்ட்டும் இருக்கிறது. லுக்லாவின் மெஷ்ஷை ஏற்றினால் எவரெஸ்ட்டின் மேல் நான் போர்த்தியிருந்த புகைப்படத் தரை போய்விடும். புகைப்படத் தரையை ஏற்றினால் லுக்லாவின் கட்டடங்கள் தரையோடு பொருந்தாமல் போகும். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியாது. காத்மண்டுவிலிருந்து கிளம்பி அந்தச் சரிவில் இறங்கப் போகிறேனா, உச்சியைச் சுற்றிப் பார்க்கப் போகிறேனா என்று புறப்படும் முன்பே தீர்மானிக்க வேண்டும். இரண்டு பயணங்களுக்கு இரண்டு பூமி.

உயரமும் இதே கேள்வியை எழுப்புகிறது. ஆர்த்தோவின் நுணுக்கத்தைச் சொல்லும் ஜூம் நிலை 16 என்றால் பூமத்திய ரேகையருகே படத்தின் ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர், 17 என்றால் 1.2 மீட்டர், 18 என்றால் 60 சென்டிமீட்டர். நிலை ஒன்று ஏறும்போது படங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகிறது. 4096 புள்ளிக்கு 4096 புள்ளி அளவுள்ள ஒரு படம் சுருக்கிய பிறகும் சுமார் 11 மெகாபைட். நிலை 17இல் ஒரு கட்டத்துக்கு இப்படி நூற்றுக்கணக்கான படங்கள் வேண்டும். 35,000 அடியில் போகும் நெடும்பயணத்தில் இந்த நுணுக்கம் கண்ணில் படவே படாது; ஏற்றும் நேரமும் நினைவகமும்தான் வீணாகும். ஆயிரம் அடியில் ஆற்றோரமாகப் பறக்கும்போது அதே நுணுக்கம் உயிர்நாடி. என் தீர்மானம் இது: நெடும்பயணத்தில் ஆர்த்தோ வேண்டாம், அல்லது நிலை 16 போதும். தாழப் பறக்கும் பகுதிக்கு 17, விமான நிலையத்தைச் சுற்றி மட்டும் 18.

புகைப்படத் தரையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மாலைப் பயணத்தில் சூரியன் மேற்கே சாய்ந்திருந்தது. சிமுலேட்டர் வரைந்த மரங்களின் நிழல் கிழக்கு நோக்கி நீண்டிருந்தது. அவற்றுக்குக் கீழே, புகைப்படத்துக்குள் இருந்த மரங்களின் நிழலோ வடமேற்கே விழுந்து கிடந்தது. படம் எடுத்தபோது அங்கே காலை. ஒரே வயலில் இரண்டு பொழுதுகள். அதைப் பார்த்த பிறகு என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. புகைப்படம் தான் எடுக்கப்பட்ட நாளைத் தன்னோடு சுமந்துகொண்டு வருகிறது: அந்த நாளின் நிழல், அந்தப் பருவத்தின் நிறம், அன்று நிறுத்தியிருந்த வண்டிகள் வரைக்கும். நிழல் வேறுபாட்டையாவது நண்பகலில் பறந்து மறைத்துவிடலாம். ஆண்டு வேறுபாட்டை அப்படி மறைக்க வழியில்லை.

அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஹாங்காங். காய் டாக் விமான நிலையம் 1998 ஜூலை 6 அன்று மூடப்பட்டது. அதே நாளில் புதிய விமான நிலையமான செக் லாப் கோக் திறக்கப்பட்டது. காய் டாக்கின் 13ஆம் ஓடுபாதைக்கு இறங்கும் பாதையைப் பற்றிக் கேள்விப்படாத சிமுலேட்டர் விமானி இருக்க மாட்டார். கருவி வழிகாட்டல் ஓடுபாதையை நோக்கி இருக்காது. ஒரு குன்றின் மேல் சிவப்பும் வெள்ளையுமாகத் தீட்டிய சதுரங்கப் பலகையை நோக்கி இருக்கும். அதைக் கண்ணால் பிடித்து, வலப்பக்கம் 47 டிகிரி திரும்பி, அடுக்குமாடிகளின் தலைக்கு மேலேயே ஓடுபாதைக்கு நேர்ப்பட வேண்டும். ஜம்போ ஜெட் விமானங்களை அப்படித் திருப்பி இறக்கியிருக்கிறார்கள். அந்தத் திருப்பத்தை ஒழுங்காகச் செய்ய எனக்கு எத்தனையோ மாலைகள் ஆயின.

காய் டாக் தொகுப்பைச் சேர்த்த முதல் நாள், செக் லாப் கோக்கில் இறங்க முயன்றேன். முனையம் இருந்தது. கோபுரம் இருந்தது. ஓடுபாதை இல்லை. இன்ஸ்ப்ரக்கில் கண்டதற்கு நேர் எதிர்! இம்முறை எங்கே தேட வேண்டும் என்று தெரிந்திருந்தது. இரண்டு நிலையங்களுக்கும் சர்வதேசக் குறியீடு ஒன்றே: விஎச்எச்எச். பழையது மூடியதும் குறியீடு புதியதற்குப் போய்விட்டது. ‘ஏபிடி’ கோப்புகளில் ஒரே குறியீட்டில் இரண்டு நிலையங்கள் வந்தால் மேலே இருக்கும் தொகுப்பு வெல்லும். மற்றதன் ஓடுபாதைகள் நீக்கப்படும். கட்டடங்கள் டிஎஸ்எஃப்பில் இருப்பதால் அவை நின்றன. போதாததற்கு இரண்டு நிலையங்களும் வெவ்வேறு கட்டத்தில் இருக்கின்றன; 114ஆம் தீர்க்கக் கோடு நடுவே ஓடுகிறது. சில தொகுப்புகள் காய் டாக்குக்கு விஎச்எச்எக்ஸ் என்ற குறியீட்டைக் கொடுத்து இந்த மோதலைத் தவிர்க்கின்றன. நான் சேர்த்த தொகுப்பில் அப்படி இல்லை.

குறியீட்டை மாற்றி ஒட்டுவதை விட ஹாங்காங்கை இரண்டு தொகுதிகளாக, அதாவது ஒரு வகைப் பயணத்துக்கு வேண்டிய தொகுப்புகளை மட்டும் கொண்ட இரண்டு கூட்டங்களாக, பிரித்துவிடுவதே எனக்குச் சரியென்று பட்டது. ‘ஹாங்காங் இன்று’ ஒன்று, ‘ஹாங்காங் 1998’ ஒன்று. இரண்டாவதில் செக் லாப் கோக் தொகுப்பு கிடையாது. +22+114 கட்டத்துக்கு ஆர்த்தோவும் கிடையாது. இன்றைய புகைப்படத்தில் பழைய ஓடுபாதையின் முனையில் 2013இல் திறந்த பயணக் கப்பல் முனையம் இருக்கிறது, அதன் மேல் 1998இன் ஓடுபாதையை வரைந்தால் இரண்டுமே கெட்டுப்போகும். அந்தச் சதுரங்கப் பலகையை நோக்கிய வழிகாட்டல் அலை இன்றைய வழிசெலுத்தல் தரவில் இல்லாததால், ‘கஸ்டம் டேட்டா’ கோப்புறையில் பயனர் சேர்க்கும் வழிசெலுத்தல் கோப்பும் இந்தத் தொகுதியில் ஒரு பகுதி. சீனரி என்றால் கண்ணுக்குத் தெரிவது மட்டும் என்று நினைத்திருந்தேன். அந்தக் காலத்தின் வானொலி அலையும் அதற்குள் அடக்கம்.

இனி, இவற்றை எப்படி வைத்துக்கொள்கிறேன் என்று சொல்கிறேன்.

முதலில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். பட்டியல் கோப்பின் பல பிரதிகளை வெவ்வேறு பெயரில் வைத்துக்கொண்டு, பறக்கும் முன் வேண்டியதை அதன் இடத்தில் நகலெடுத்து வைப்பது. வேண்டாத தொகுப்பின் வரியில் முதல் சொல்லோடு ‘டிசேபிள்ட்’ என்று சேர்த்துவிட்டால் அது ஏறாது. எளிமையான முறை, தொகுப்புகள் குறைவாக இருப்பவர்களுக்கு இதுவே போதும். ஆனால் இதில் ஒரு குழி இருக்கிறது. ஆறு பட்டியல்கள் வைத்திருக்கிறீர்கள். புதிதாக ஒரு தொகுப்பைச் சேர்க்கிறீர்கள். இப்போது பயன்பாட்டில் இருக்கும் பட்டியலில் அதைச் சரியான இடத்தில் வைக்கிறீர்கள். மற்ற ஐந்து பட்டியல்களுக்கு அந்தத் தொகுப்பு இருப்பதே தெரியாது. அடுத்த வாரம் வேறு பட்டியலோடு தொடங்கும்போது, பட்டியலில் இல்லாத கோப்புறையைப் பார்த்த சிமுலேட்டர் அதை உச்சியில் சேர்த்துக்கொள்ளும். அணைத்து வைக்க நினைத்ததும் முழு முன்னுரிமையோடு உயிர் பெற்றுவிடும். அது மெஷ்ஷாக இருந்தால் இன்ஸ்ப்ரக்கில் நடந்தது அப்படியே திரும்ப நடக்கும்.

எனவே இப்போது ‘கஸ்டம் சீனரி’ கோப்புறைக்குள் உண்மையான தொகுப்பு எதையும் நான் வைப்பதில்லை. எல்லாம் வேறொரு வட்டில், கிடங்கு என்று நான் பெயரிட்ட கோப்புறையில் இருக்கின்றன. அதற்குள் விமான நிலையம், லைப்ரரி, ஓவர்லே, ஆர்த்தோ, மெஷ் என்று ஐந்து அறைகள். ‘கஸ்டம் சீனரி’யில் இருப்பவை கிடங்கைச் சுட்டும் இணைப்புகள் மட்டும். விண்டோஸில் ‘ஜங்ஷன்’ என்ற வகை இணைப்பு, லினக்ஸில் குறியீட்டு இணைப்பு. சிமுலேட்டருக்கு வேறுபாடு தெரியாது. இணைப்பைக் கோப்புறையாகவே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். அது பழைய இணைப்புகளை எல்லாம் எடுத்துவிட்டு, அந்தத் தொகுதிக்கு வேண்டியவற்றை மட்டும் இணைத்து, அதற்குரிய பட்டியல் கோப்பை வைத்து, பிறகு எக்ஸ்-பிளேனைத் தொடங்குகிறது. இணைக்காத தொகுப்பு அந்தக் கோப்புறையில் இல்லவே இல்லை; உச்சியில் போய் உட்கார அதற்கு வழியும் இல்லை.

ஒரு எச்சரிக்கை, இதைச் செய்யப் போகிறவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இணைப்பை நீக்குவது வேறு, இணைப்பின் வழியாக உள்ளே நுழைந்து கோப்புகளை அழிப்பது வேறு. இரண்டாவதைச் செய்தால் அழிவது கிடங்கில் இருக்கும் மூலம். விண்டோஸில் ‘ஆர்எம்டிர்’ கட்டளையை உள்ளடக்கத்தோடு சேர்த்து அழிக்கும் விருப்பம் இல்லாமல் கொடுத்தால் இணைப்பு மட்டும் போகும். ஸ்கிரிப்ட்டை முதலில் வெற்றுக் கோப்புறைகளை வைத்துச் சோதித்துப் பாருங்கள். பல இரவுகள் தயாரித்த ஆர்த்தோ ஒரு நொடியில் போய்விடக் கூடாது.

தொகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்புக் கோப்பு வைத்திருக்கிறேன். எந்தப் பயணத்துக்காக இதை உருவாக்கினேன், எந்தத் தொகுப்பை விட்டேன், ஏன் விட்டேன். மூன்றாவதுதான் முக்கியம். எதைச் சேர்த்தோம் என்பதைப் பட்டியலைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். எதை, என்ன காரணத்துக்காக விட்டோம் என்பது எங்கும் எழுதியிருக்காது. ஆறு மாதம் கழித்து, இது ஏன் இங்கே இல்லை என்று மறுபடியும் சேர்த்து, மறுபடியும் கெடுத்து, மறுபடியும் காரணம் தேடுவோம். என் லுக்லா குறிப்பில் ஒரே வரி: ‘எவரெஸ்ட் ஆர்த்தோ வேண்டாம், ஒரே கட்டம்.’ அந்த வரி இரண்டு முறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

புதிய தொகுதியை உருவாக்கியதும் நேராக நீண்ட பயணத்துக்குக் கிளம்பிவிடுவதில்லை. புறப்பட்டு, ஒரு சுற்று வந்து, அதே ஓடுபாதையில் இறங்குவேன். ஓடுபாதையின் இரு முனைகளிலும் தரை பொருந்துகிறதா, கட்டடங்களின் அடி மண்ணில் நிற்கிறதா, ஒரே இடத்தில் இரண்டு முனையங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கின்றனவா என்று பார்ப்பேன். கடைசியில் சொன்னது நடந்தால், மேலே உள்ள தொகுப்பில் விலக்கு எல்லை சரியாகப் போடப்படவில்லை என்று பொருள். கீழுள்ள தொகுப்புகளின் பொருள்கள் எந்தப் பரப்புக்குள் வரக் கூடாது என்று மேலுள்ள தொகுப்பு சொல்லும் ஏற்பாடு அது.

பிறகு பதிவுக் கோப்பு. எக்ஸ்-பிளேன் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் புதிதாக ஒரு பதிவுக் கோப்பு எழுதுகிறது. ஏதாவது ஒரு தொகுப்பு கேட்ட பொருள் கிடைக்காவிட்டால், எந்தப் பொருள், எந்தத் தொகுப்பு கேட்டது என்று அதில் இருக்கும். பெரும்பாலும் காரணம் ஒரு லைப்ரரியை இணைக்க மறந்திருப்பதுதான். என் தொகுதிகள் எல்லாவற்றுக்கும் லைப்ரரிகள் பொது. அவற்றை மட்டும் நான் தொகுதிவாரியாகப் பிரிக்கவில்லை. பிரித்துப் பார்த்தபோது தொல்லையே மிஞ்சியது.

மற்ற சிமுலேட்டர்களிலும் பெயர்கள்தான் மாறுகின்றன. 2006இல் வந்த மைக்ரோசாஃப்டின் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸில் சீனரி லைப்ரரி என்ற பட்டியல் இருக்கும். அங்கும் மேலே இருப்பது வெல்லும். 2020 பதிப்பில் தரை இணையத்திலிருந்து வருவதால் ஆர்த்தோவை நாமே சேகரிக்க வேண்டிய தேவை பெருமளவு போய்விட்டது. ஆனால் ‘கம்யூனிட்டி’ கோப்புறையில் எல்லாவற்றையும் கொட்டி வைத்தால் தொடங்கும் நேரம் நீண்டுகொண்டே போகும். அங்கும் இணைப்பு முறையே நல்லது, அதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டர். சீனரி இருக்கும் பாதைகளைத் தொடக்கக் கட்டளையிலேயே வரிசையாகக் கொடுத்துவிடலாம். முதலில் வருவதற்கு முன்னுரிமை. கட்டளையே தொகுதி. வேறு ஏற்பாடு எதுவும் வேண்டாம்.

கடைசியாக நான் உருவாக்கிய தொகுதி ‘சிகாகோ மெக்ஸ்’. மிச்சிகன் ஏரிக்கரையில் இருந்த மெக்ஸ் ஃபீல்ட் என்ற சிறிய விமான நிலையம், மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் நீண்ட காலம் இயல்பான தொடக்க இடமாக இருந்தது. சிமுலேட்டரைத் திறந்ததும் நம் விமானம் அந்த ஓடுபாதையில்தான் நிற்கும். ஒரு தலைமுறை முழுவதும் பறக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். 2003 மார்ச் 30 அன்று இரவில் புல்டோசர்கள் வந்து ஓடுபாதையைப் பெருக்கல் குறி வடிவில் தோண்டிவிட்டுப் போயின. அதன் பிறகு அந்த நிலையம் திறக்கப்படவே இல்லை. இப்போது அந்த இடம் பூங்கா.

மெக்ஸ் தொகுப்பைச் சேர்த்ததும் முதலில் கண்ணில் பட்டது பூங்காதான். +41-088 கட்டத்தின் ஆர்த்தோ ஓடுபாதைக்குக் கீழே புல்வெளியையும் நடைபாதையையும் காட்டியது. ஹாங்காங்கில் கற்றது கைகொடுத்தது. அந்தக் கட்டத்தின் ஆர்த்தோவை மட்டும் தொகுதியிலிருந்து எடுத்தேன். சிமுலேட்டரின் சொந்தத் தரை வந்தது. புகைப்படத்தின் நுணுக்கம் அதில் இல்லை. ஆனால் அந்தத் தரைக்குத் தேதி கிடையாது. ஓடுபாதை அதன் மேல் இயல்பாகப் படிந்தது.

குறிப்புக் கோப்பில் எழுதிக்கொண்டேன்: ‘ஆர்த்தோ வேண்டாம், பூங்கா தெரிகிறது.’ பிறகு சிறிய செஸ்னா விமானத்தை 36ஆம் ஓடுபாதையின் முனையில் நிறுத்தினேன். முன்னே 3,900 அடி நீளம். வலப்பக்கம் ஏரி, இடப்பக்கம் நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள். த்ராட்டிலை முழுவதும் தள்ளினேன்.